சுவர்ப்படம் எடுக்கப் போன மாலை

வைகாசி, கடைசி வாரம்: பெங்களூரில் ஓவியராக வேலை பார்த்துவந்த எங்கள் ஒரே மகள் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். உடலை விருதுநகருக்குக் கொண்டுவந்து எரியூட்டினோம்.

ஐப்பசி, தீபாவளிக்கு மறுநாள்: அவள் கடைசியாக வரைந்த படம் ஒரு காபிக்கடைச் சுவரில் இருப்பதாகவும், கார்த்திகைக்குப் பின் அந்தக் கட்டடம் இடிக்கப்படும் என்றும் அவளுடைய தோழி தொலைபேசியில் தெரிவித்தாள்.

கார்த்திகை, இரண்டாம் வெள்ளி: நானும் என் மனைவியின் தம்பியும் விருதுநகர் சந்திப்பில் பெங்களூருக்கு இரவு ரயில் ஏறினோம்.

மறுநாள், சனி: மாலை காபிக்கடைக்குச் சென்றோம். படம் எடுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் சுவர் ஓவியம் சேதமடைந்தது.

எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில், வீட்டில் ஒருவர் இறந்தால் அடுத்த ஆண்டுக் காலண்டரில் அவர் படத்தைப் போட்டு உறவினருக்கும் வாடிக்கையாளருக்கும் கொடுப்பது வழக்கம். சாமி படத்துக்குரிய இடத்தில் இறந்தவர் இருப்பார். கீழே தேதித்தாள்கள் கிழிபட்டுக்கொண்டிருக்கும். மைத்துனர் திருத்தங்கலில் ஆப்செட் அச்சகம் நடத்துபவர். மகளின் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி அவர் கேட்டபோது என் மனைவி மறுத்துவிட்டாள்.

“அவ மூஞ்சிய ஊர்ல உள்ள ஆணியில எல்லாம் தொங்கவிட வேண்டாம். அவ கடைசியா வரைஞ்சது ஒண்ணு இருக்குங்காகள்ல, அதப் போடுங்க” என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளால் பயணம் செய்ய இயலாது. ஆகவே நாங்கள் புறப்பட்டோம். கைப்பேசியில் எடுத்த படம் அச்சில் புள்ளிபுள்ளியாக உடைந்துவிடும் என்று மைத்துனர் சிவகாசி ஸ்டுடியோ ஒன்றிலிருந்து நல்ல கேமராவையும் அதற்கான முக்காலியையும் இரவல் வாங்கி வந்திருந்தார். ரயிலில் இரவு முழுவதும் கேமராப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

மகள் அந்த நகரத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தாள். பண்டிகைக்கு அவள்தான் ஊருக்கு வருவாள். அவள் வேலை செய்த தெருவை நாங்கள் பார்த்ததில்லை. ஈரோட்டுக்காரியான தோழி பிரதான சாலையில் காத்திருந்து எங்களை உள்ளே அழைத்துச் சென்றாள். விளக்கு வைக்கும் நேரம்தான். ஆனால் தெரு அப்போதுதான் விடிந்ததுபோல் இருந்தது. கடைக்குக் கடை வெவ்வேறு இசை. ஒன்றின் வாசலைக் கடப்பதற்குள் அடுத்ததன் பறைபோன்ற அதிர்வு நெஞ்சில் இறங்கியது. இழுத்துவிட்ட இரும்புக் கதவுகளில் மீன்களும் கண்களும் ராட்சதப் பூக்களும் தீட்டப்பட்டிருந்தன. நடைபாதையில் அமர்ந்து ஒரு பெண் அரையடிப் பொம்மைகளை ஆட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் கையில் கண்ணாடிக் குவளைகளோடு சிரித்தார்கள். எவரும் எங்களை இடிக்கவில்லை. எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அந்த மரியாதை எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறைக்குள் தயக்கமின்றி நுழைந்திருக்கிறேன். இங்கே கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மைத்துனருக்கு அந்தச் சங்கடம் இல்லை. சுவரொட்டிகள் அவரை இழுத்தன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று வலக்கைக் கட்டைவிரலை ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்ப்பார். மை காய்ந்திருக்கிறதா என்று அறிய அச்சகத்தில் தாளுக்குத் தாள் செய்வது அது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் முதலில் விரலைத்தான் வைப்பார்.

“மெஜந்தா தூக்கிக்கிட்டு நிக்கி அத்தான். நம்மகிட்ட குடுத்திருந்தா இந்தப் பிள்ளைக்கு மூஞ்சி இம்புட்டுச் செவந்திருக்காது” என்றார்.

தோழி சிரித்தாள். மாமா ஒருவர் அச்சகம் வைத்திருப்பதாகவும், சிறுமியாக இருந்தபோது அங்கே கழிவுத்தாள் கட்டின் மேல் படுத்துக்கொண்டு வரைவதுண்டென்றும் மகள் சொல்லியிருக்கிறாளாம். மைத்துனர் கேமராப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தார். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்த தாய்மாமன் அவர்.

காபிக்கடையின் உள்ளறையில் கூட்டம் இல்லை. மேடைபோல் சற்றே உயர்ந்த தரை. பின்னால் கறுப்புப் பூசிய சுவர். அதில் வெறும் சாக்பீஸால் வரைந்திருந்தாள்.

ஒரு பேருந்தின் சன்னல். சன்னலுக்கு வெளியே நீண்ட கை, வெள்ளரிப் பிஞ்சுப் பொட்டலத்தை வாங்குகிறது. சன்னலுக்குள் என் மனைவி. பொட்டலத்தைப் பார்க்காமல், படத்தைப் பார்க்கும் நம்மைப் பார்த்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. கீழுதடு, சொல்லின் நடுவில் இருக்கும்போது அவளுக்கு மட்டுமே வருவதுபோல், ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது. அந்த உதடு வெள்ளைக் கோடுகள் நான்கைந்துதான்.

யாரை வரைந்தாள் என்று தோழி எங்களிடம் சொல்லியிருக்கவில்லை, அவளுக்கே தெரியாது. ஏதோ ஊர்ப்பக்கத்து அம்மா என்று நினைத்திருந்தார்கள். மகள் இறந்தபின் அந்தச் சுவரை யாரும் தொடவில்லையாம். மேலே மெருகு அடித்தால் வெள்ளை மங்கிவிடும் என்று அதையும் செய்யவில்லையாம்.

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மைத்துனர் முக்காலியை நிறுத்தினார், கேமராவைப் பொருத்தினார், மேலே இருந்த விளக்கைப் பார்த்தார். சுவரில் பளபளப்பு இருந்தால் விளக்கொளி தெறித்துப் படத்தில் வெள்ளைத் திட்டு விழும் என்று தோழியிடம் விளக்கிக்கொண்டே சுவரை நெருங்கினார். அவர் என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரிந்திராது. கட்டைவிரலை வைத்து, அழுத்தி, ஒரு தேய் தேய்த்துவிட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தார்.

விரல் வெள்ளையாக இருந்தது.

கீழுதடும் மோவாயின் பாதியும் போய்விட்டன. கறுப்பில் ஒரு சாம்பல் தடம் மட்டும் இருந்தது. முன்னறையில் யாரோ பாடத் தொடங்கினார்கள், கைதட்டல் கேட்டது. மைத்துனர் அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“அத்தான்” என்றார். மறுபடியும் சுவரைப் பார்த்து, “காஞ்சிருக்கான்னு பாத்துட்டேன் அத்தான்” என்றார்.

அவரைத் தேற்ற வேண்டிய சொற்கள் எனக்குத் தெரியும். பல வீடுகளில் அவற்றைச் சொல்லியிருக்கிறேன். அன்று அவற்றில் ஒன்றும் என் வாயில் வரவில்லை. எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம், எழ முடியவில்லை. தோழி தன் கைப்பேசியிலும் நண்பர்களின் கைப்பேசிகளிலும் பழைய படங்களைத் தேடினாள். இருந்தன. எல்லாவற்றிலும் மேடையில் யாராவது கிதார் வைத்துக்கொண்டோ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டோ நின்றார்கள். பேருந்தின் கூரையும் நீண்ட கையும் தெரிந்தன. முகம் இருக்கும் உயரத்தில் எப்போதும் ஒரு தலை இருந்தது.

கடைசியில் அவள் தயங்கித் தயங்கி, “அங்கிள், நாங்க ரெண்டு மூணு பேர் அவகூடவே வரைஞ்சவங்க. அவ கோடு எங்களுக்குப் பழக்கம். அந்த இடத்தை மட்டும் நான் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டாள். கையில் சாக்பீஸ் பெட்டி இருந்தது. மகள் பயன்படுத்திய பெட்டிதான் என்று பிறகு சொன்னாள்.

வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வரைந்தால் முகம் முழுமையாகிவிடும். என் மனைவிக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த உதட்டை மகள் எத்தனை ஆண்டுகள் பார்த்து வரைந்தாள் என்பதும், இந்தப் பெண் அதை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது என் கைப்பேசி ஒலித்தது. மனைவி.

“பாத்துட்டீகளா?”

பார்த்துவிட்டேன் என்றேன்.

“என்ன வரைஞ்சிருக்கா?”

“உன்னைத்தான்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

“என்னையவா? நான் என்ன செய்யுதேன்?”

“பஸ்ல உக்காந்திருக்க. பேசிக்கிட்டிருக்க.”

“பேசிக்கிட்டா இருக்கேன்?” என்றாள். அழுகிறாளா என்று குரலிலிருந்து கண்டுபிடிக்க இயலவில்லை. “அவளுக்கு நான் எப்பவும் பேசிக்கிட்டேதான இருந்தேன். சரி. நல்லா எடுத்துட்டு வரச் சொல்லுங்க தம்பிய. சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?”

சாப்பிட்டோம் என்று பொய் சொன்னேன்.

மைத்துனர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியை வைத்ததும் ஒன்றும் கேட்காமல் முக்காலிக்குப் பின்னால் போனார். இடக்கையால் பொத்தானை அழுத்திப் படம் எடுத்தார். தடம் தடமாகவே பதிந்தது. தோழி சாக்பீஸ் பெட்டியை மூடிவைத்துவிட்டு, நான் முடிவு செய்து சொன்னால் போதும் என்றும், இடிப்பதற்கு முதல் நாள் வரை காத்திருப்பதாகவும் சொன்னாள். வெளியே தெருவில் கூட்டம் பெருகியிருந்தது. எங்களுக்கு மறுபடியும் வழிவிட்டார்கள்.

இன்று வரை செய்யாதவை:

படத்தை மனைவிக்குக் காட்டவில்லை. மெமரி கார்டிலிருந்து கணினிக்கு மாற்ற ஆள் வர வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

தோழிக்குப் பதில் சொல்லவில்லை. கார்த்திகை முடிய ஒரு வாரம்கூட இல்லை.

காலண்டர் அச்சேறவில்லை. அந்தப் படம் வர வேண்டிய அட்டையை மட்டும் அச்சடிக்காமல் நிறுத்திவைத்திருப்பதாக அச்சகத்து மேனேஜர் சொன்னார்.

மைத்துனர் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. காலண்டர் சீசன் நேரம், லோடு அதிகம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். நேரில் போய் அழைத்துவர வேண்டும். நேற்றும் திருத்தங்கல் பேருந்தில் ஏறினேன். அச்சகத்து நிறுத்தத்தில் இறங்கவில்லை.