பின்னுக்கு நடக்கப் பழகியது

1. விழுந்த கதை

சூசை அண்ணன் விழுந்தது கடற்கரையில். எங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த காலோடு.

போர் முடிந்த பிறகு, முந்தலுக்கு மேற்கே தேங்காய் உலர்த்தும் கொட்டகையான ஒரு பழைய கொப்பரா மடுவத்தில்தான் எங்கள் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி தொடங்கியது. மடுவத்தைத் தந்தவர் நூருதீன் நானா. கூரை போட்டவர்கள் கோயிற்சபை ஆட்கள். பிடித்து நடை பழகும் பெரலல் பார், உடைந்த வள்ளத்தின் பாய்மரம். மழை பெய்தால் சுவரெல்லாம் தேங்காய் மணக்கும். பிசியோதெரபிக்கு நான் ஒருத்திதான்.

சூசை அண்ணன் முல்லைத்தீவுக்காரர்; அங்கே கரையில் நின்று கரைவலை இழுத்தவர். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவர். மனைவியின் ஊரான இங்கே மறுபடி கரைவலை இழுக்க ஆசைப்பட்டார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார், சீசன் தொடங்கும்வரை அவருக்கு ஓர் இடம் வைத்திருந்தார்.

சீமெந்துத் தரையில் அவர் ஊன்றுகோலில்லாமல் நடந்த அன்று, 'வீட்டுக்குப் போகலாம்' என்று கார்டில் பெருமையோடு எழுதினேன். முதல் வலையிலேயே, மூன்றாவது எட்டில் விழுந்தார்.

சம்மாட்டியார் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்.

"மிஸ், இவனுக்கு என்ன படிப்பிச்சீங்க?"

"நடக்க."

"எந்தப் பக்கம்?"

நான் கையால் முன்பக்கம் காட்டினேன்.

"கரைவலைக்காரன் முன்னுக்கு நடந்து சோறு தின்னுறதில்ல மிஸ். கடலைப் பாத்துக்கொண்டு, கயித்த இடுப்பில கொளுவி, பின்னுக்குத்தான் நடக்கிறம். அதும் மணலில."

சூசை அண்ணன் சிரித்தார். "சீமெந்தில மீன் பட்டால் சொல்லுங்கோ மிஸ், உடன வாறன்."

2. மடுவத்துக்குள் மணல்

"சீசன் தொடங்கிட்டுது. ரெண்டு கிழமைக்கு ஒராள் குறைவாத்தான் இழுப்பம். அதுக்கு மேல ஏலாது" என்றார் சம்மாட்டியார். மறுநாளே வலைக்காரர்கள் உரப்பைகளில் மணல் சுமந்து வந்து மடுவத்துக்குள் கொட்டினார்கள்.

"அல்லாவே, கடலையும் கொண்டு வருவீங்களோ?" என்று கத்திய நூருதீன் நானா, பிறகு சாரனை மடித்துக் கட்டி மணலைத் தானே பரவினார்.

தூணோரம் நான்கு பேர், கடலுக்குப் பதிலாக, வலைக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். முதலில் நான் இழுத்துப் பார்த்தேன்; அப்படியே மல்லாக்க விழுந்தேன். மடுவமே சிரித்தது. விழுந்ததில்தான் விளங்கியது: பின்னுக்கு வைக்கும் எட்டில் முன்பாதம் முதலில் இறங்குகிறது. அண்ணனின் பொய்க்காலோ மடங்காமல் மணலைக் குத்துகிறது. பழைய டயர் ரப்பரில் அகலமான அடி வைத்துத் தைத்தோம். பன்னிரண்டு நாள், காலையும் மாலையும், எனக்குத் தெரியாத நடையை நோயாளியிடமே கேட்டுக் கேட்டு அவருக்குப் பழக்கினேன்.

3. வழிவிட்டது

பதின்மூன்றாம் நாள் கரைக்குப் போனேன். வரிசையில் கடைசி ஆள் அவர். கடல் அவரைத் தன் பக்கம் இழுக்க, அவர் எட்டெட்டாக என் பக்கம் வந்தார்.

இன்று ஆஸ்பத்திரிக்கு இரண்டு மாடி, பளிங்குத் தரை. ஒரு மூலையில் மட்டும் மணல் இருக்கிறது. புதிதாக வருபவரிடம் நான் முதலில் நோவைக் கேட்பதில்லை. "என்ன வேலை? செஞ்சு காட்டுங்க" என்பேன். கற்றுக்கொடுத்தவர்களுக்கு நான் செலுத்தும் நன்றி அதுதான்.

அன்று கரையில் சூசை அண்ணனின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. வியர்த்த முதுகுதான் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் விலகி வழிவிட்டேன்.