ரெஜினா கடை ஃபிரிட்ஜ்

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் நடுவே மனிதன் என்னென்ன கண்டுபிடித்தான் என்று கேட்டால், வெள்ளிமலைப் பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லும். இன்சுலின், பெனிசிலின், பேசும் படம், தொலைக்காட்சி, வீட்டில் வைக்கும் ஃபிரிட்ஜ். இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதிப் போட்டால் போதும், தெரிந்துவிட்டது என்று நினைப்பு. அந்த நினைப்பால் நான் கெடவில்லை, பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ரெஜினா கெட்டாள். அவளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரெஜினா மலைக்காரி இல்லை. சங்கராபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். புருஷன் மார்ட்டின் ஜீப் ஓட்ட மலையேறினான், இவளும் கூடவே வந்து கடை போட்டாள். வாய் கொஞ்சம் நீளம். டீ ஆறிப்போச்சு என்றால், பேசிக்கொண்டே இருந்தால் ஆறாமல் என்ன செய்யும் என்பாள். கடையில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று, கள்ளக்குறிச்சியில் யாரோ கழித்துவிட்டது. கீழே சோடாவும் மோரும், மேலே ஐஸ் பெட்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸ்.

அதற்குள் முதலில் மருந்து வைத்தவர் இருசப்பன். சாமை விதைக்கிற மனுஷர், சர்க்கரை முற்றி ஊசியில் வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒரு புட்டி இன்சுலின் கொடுத்து, குளிர்ச்சியில் வையுங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். அவர் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு எங்கே போவது? ரெஜினாவிடம் கொண்டுவந்தார். அவரைப் பார்த்துக் காசியம்மாள் வந்தாள், பிறகு இன்னும் மூன்று பேர். ரெஜினா ஐந்து புட்டியையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டு, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கலர் நூல் கட்டினாள். காசியம்மாளுக்குச் சிவப்பு.

காலையில் ஐந்து பேரும் வருவார்கள். கடைக்குப் பின்னால் சாக்குப் படுதா மறைவில் ஊசி போட்டுக்கொண்டு, கொண்டுவந்த களியோ இட்லியோ அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நழுவுகிறவர்களை ரெஜினா விடமாட்டாள். ஐந்து பேருக்கும் சர்க்கரை போட்ட டீ கிடையாது, கெஞ்சினாலும் கிடையாது. ஒரு நாள் ஆள் வரவில்லை என்றால் மார்ட்டினை ஜீப்பில் அனுப்பிப் பார்த்துவரச் சொல்வாள். ஐந்து பேர் உயிர் தன் கையில் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கர்வம். இருக்கட்டுமே, அதில் என்ன தப்பு.

போன ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. ரெஜினா புட்டிகளை ஈரத்துணியில் சுற்றி, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தபடி இருந்தாள். நான்காம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக வெளியே இருந்த மருந்தை இப்போது என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டாள். படித்தவன் பக்கத்தில் இருந்தால் கேட்கத்தானே செய்வார்கள்.

மேலே ஐஸ் பெட்டியில் வை, சீக்கிரம் குளிரட்டும் என்றேன்.

"மருந்து கெட்டுப்பூடாதா சார்?"

"குளிர்ல எதும்மா கெடும்? கெடாம இருக்கத்தானே ஃபிரிட்ஜையே கண்டுபுடிச்சான்."

சொல்லிவிட்டு இன்சுலினும் ஃபிரிட்ஜும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

மறுநாள் காலையில் ஐந்து புட்டியும் கல்லாக உறைந்திருந்தன. ரெஜினா அவற்றை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி இளக்கினாள். பார்வைக்குப் பழைய மருந்து மாதிரியே இருந்தது. ஐந்து பேரும் தினமும் அதையே போட்டுக்கொண்டார்கள்.

உறைந்த மருந்தைப் போட ஆரம்பித்த ஐந்தாம் நாள் காசியம்மாள் வாந்தி எடுத்து மூச்சு வாங்கச் சுருண்டாள். அவள் மகன் ராசு தூக்கிவர, மார்ட்டின் ஜீப்பில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினான். பிழைப்பாளா என்று இரண்டு நாள் தெரியவில்லை. ரெஜினா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பாலைக்கூடக் காய்ச்சாமல் உட்கார்ந்திருந்தாள். பிழைத்தாள் என்று போன் வந்ததும் ஃபிரிட்ஜ் மேல் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி நர்ஸ் இசைவாணி விசாரிக்க வந்தாள். மருந்தை எங்கே வைத்தாய் என்றாள், ரெஜினா ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள். இன்சுலின் ஒரு தடவை உறைந்துவிட்டால் அதற்கு வேலை செய்யும் சக்தி போய்விடும், இளக்கினாலும் திரும்பாது என்றாள் நர்ஸ். ஈரத்துணியோடு விட்டிருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காதாம். பிறகு கேட்டாள், ஐஸில் வைக்கச் சொன்னது யார் என்று. ராசு, இருசப்பன், மற்ற மூவர் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் பெஞ்சில் டீ கிளாஸோடு இருந்தேன்.

"நானாதாங்க வெச்சேன்" என்றாள் ரெஜினா.

நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது மருந்து வந்தது. ஆனால் ரெஜினாவிடம் ஒருவரும் கொடுக்கவில்லை. மண்பானைக்குள் ஈர மணல் போட்டு அதில் புட்டியை வைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். ஐந்து வீட்டிலும் பானை வந்துவிட்டது. ஐஸ் விற்கிறவளுக்கு மருந்து என்ன தெரியும் என்று ராசு கடை வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டுப் போனான். காலையில் படுதாப் பக்கம் ஆள் இல்லை. ரெஜினாவின் வாயும் குறைந்துபோனது. டீ ஆறிப்போச்சு என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன், பேசாமல் வேறு டீ போட்டுக் கொடுத்தாள். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் சொன்னார் என்று ஊரே பேசுமே, அந்தப் பயம்தான், வேறென்ன.

போன ஆனி மாதம் ஒரு நாள் மத்தியானம் திடீர் மழை. பஸ்ஸுக்கு நின்றிருந்த இருசப்பன், பக்கத்திலேயே ரெஜினா கடை இருக்க, ரோட்டைத் தாண்டி ஓடி எதிர்க் கடையில் ஒதுங்கினார். ரெஜினா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெஞ்சைத் துடைத்தாள்.

கடைக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு நர்ஸ் கேட்டபோது என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் சார்."

எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய், நனைந்தபடியே இருசப்பனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி ரெஜினா கடைக்கு நடந்தார்.