பச்சையாகவே நின்ற பக்கம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் இடி இடித்ததும் கடைசிக் காம்பராவிலிருந்து யாராவது ஒருவர் "பிளக்கைக் கழட்டுங்க!" என்று சத்தம் போடுவார். அடுத்த நிமிடமே பத்துக் காம்பரா வீடுகளிலும் டீவி, சார்ஜர் எல்லாம் சுவரை விட்டு வெளியே வந்துவிடும். ஒரு வீட்டு டீவி மின்னலில் வெடித்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். இதில் அம்மாவை யாரும் முந்த முடியாது.

அம்மா பிடுங்கும் பிளக்குகளில் ஒன்று என் சர்வருடையது. சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். திரை உடைந்து, பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப். கூரையில் நான் பொருத்திய மழைமானி காட்டும் அளவைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து வெப்சைட்டில் போடும். மழை குறைவென்றால் பச்சை, கூடினால் மஞ்சள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டிய அளவென்றால் சிவப்பு. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களே புதைந்துபோனதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மழையை யாரும் சும்மா மழையாகப் பார்ப்பதில்லை.

அந்த லேப்டாப்பை வெளியுலகத்தோடு சேர்த்து வைப்பதுதான் பெரும்பாடு. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது; கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். சிம் போட்ட ரவுட்டரும் அப்படித்தான், எத்தனையோ பேருக்குச் சேர்த்து ஒரே முகவரி. வெளியிலிருந்து யாரும் நேராக என் லேப்டாப்பைத் தேடி வர முடியாது. அதனால் லேப்டாப்பே உள்ளேயிருந்து ஓர் இணைப்பைப் போட்டு, நான் இணையத்தில் வாடகைக்கு எடுத்த சின்ன சர்வரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்கள் அந்த சர்வருக்கு வருவார்கள். அது இங்கே கேட்டு அவர்களுக்குச் சொல்லும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது. வீட்டில் கேட்க ஆளில்லை. எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சை எழுதியதே நான்தான் முதல்.

இடிக்கு இடி என் வெப்சைட் பக்கம் செத்துப்போவதைப் பார்த்து அக்கா கிண்டலடித்தாள்.

"ஒன் வெப்சைட்டு நம்ம பைப்பு மாதிரிடா. வேணுங்கிற நேரத்துல காத்துதான் வருது."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வீட்டுத் தொடர்பு அறுந்தால், கடைசியாக வந்த பக்கத்தின் நகலை வாடகை சர்வரே காட்டட்டும் என்று மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு பக்கம் ஒரு தடவைகூடச் சாகவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா கல்யாணமாகிப் போனது அதே தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு. மச்சான் கொழும்பில் வேலை. அந்த ஐப்பசியில் அவளுக்கு எட்டு மாதம். அவள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்து இரண்டு வருஷமாகிறது.

அன்றைக்கு நான் பதுளையில், வேலை செய்யும் போன் கடையில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்கவில்லை. போனில் என் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். பதினொரு மில்லிமீட்டர், பச்சை. நம்ம தோட்டத்துப் பக்கம் அவ்வளவு இல்லை போலிருக்கிறது என்று போனைக் கீழே வைத்தேன்.

அப்போது ஒருவர் நனைந்து ஒழுகிக்கொண்டு உள்ளே வந்தார். "தெமோதரையில பஸ் நகரவே மாட்டேங்குது தம்பி. ரோட்டுல ஆறு ஓடுது. ஒரு மணியில இருந்தே ஊத்துது."

மறுபடி திறந்தேன். அதே பதினொன்று. வாடகை சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். என் வீடு கடைசியாகப் பேசியது ஒன்று இருபதுக்கு.

இடி. அம்மா. பிளக்.

ஒன்றேமுக்கால் மணி நேரமாக என் வெப்சைட் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"பாத்துட்டேன்டா, பச்சைதானே. இங்க மழை பலமாத்தான் இருக்கு. ஆனா இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு அத்தன படி ஏற என்னால ஏலாது. மஞ்சளாகட்டும், பாப்பம்."

"அக்கா, அது பழசு. அத நம்பாத..."

அவ்வளவுதான், அறுந்துவிட்டது. அவள் எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பி அடித்தேன், லைன் போகவில்லை. அம்மாவின் போனும் ஓஃப்.

நானா என்று நாங்கள் கூப்பிடும் கடை முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, மொகமெல்லாம் வெளுத்துப் போய்த்து?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கடையில் கரண்ட் போய், வைஃபையும் போனது. என் போனில் டேட்டா சுற்றிக்கொண்டே நின்றது. நானா தன் போனை மேசையில் தள்ளினார். "இந்தா, என்டதுல சிக்னல் ஈக்கி. புடி."

அக்கா பேச்சைக் கேட்கிறாளோ இல்லையோ, அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். அதை வைத்துத்தான் அவளைக் கிளப்ப வேண்டும். பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவதில் உள்ளே போய் நகலை அழித்தேன். பச்சை போய் வெள்ளைப் பக்கம் வந்தது. பெரிய எழுத்தில் எழுதினேன்: "மழை அளவு தெரியவில்லை. காத்திருக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க."

பிறகு செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தை யார் திறந்தாலும் சர்வரில் ஒரு வரி விழும். எந்த மாடல் போன் என்றும் காட்டும். அக்காவிடம் இருந்தது நானே பழுது பார்த்துக் கொடுத்த ஒரு பழைய போன். அந்த மாடலை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை. வரிகள் விழுந்தன, எல்லாம் வேறு வேறு போன்கள். நானா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கஸ்டமரைக்கூடக் கவனிக்கவில்லை.

மூன்று இருபத்தாறுக்கு அந்த மாடல் விழுந்தது. உடனே இன்னொரு தடவை. பிறகு மறுபடியும். அவள் ரிஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏறினாளா, சிக்னல் போய்விட்டதா?

நாலு மணிக்குத் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது.

"மேல வந்துட்டோம்டா. ஸ்கூல் டீச்சர் போன்ல பேசுறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்து வீட்டு ஆளுங்கதான் கைத்தாங்கலா ஏத்திவிட்டாங்க. ஆமா, பச்சைய எங்கடா காணோம்? திடீர்னு வெள்ளையானதும் அடுப்ப அணைச்சுட்டுக் கெளம்பிட்டேன்."

"அந்தப் பச்சை ஒன்னு இருபதோட பச்சைக்கா."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இம்புட்டு நேரமும் பொய்யப் பாத்துக்கிட்டா நான் பருப்பு வேகவச்சேன்?"

"ஆமாக்கா."

"செருப்பால அடிப்பேன், வீட்டுக்கு வா."

மறுநாள் போய்ப் பார்த்தேன். மேட்டு மண் அவள் அடுப்படிச் சுவர் வரைக்கும் வந்து நின்றிருந்தது. சுவர் உடையவில்லை. வேறு வீடு இல்லாததால் அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது இருபது நிமிடம் அளவு வராவிட்டால் பக்கம் "தெரியவில்லை" என்று மட்டும் காட்டும். அப்படிக் காட்டினால் அவள் ஏறிவிடுகிறாள். போன வாரம் மட்டும் இரண்டு தடவை ஏறினாள், பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.