பதினாறு சில்லு

காலை எட்டரைக்குக் கம்ப்யூட்டர் அறையைத் திறக்க வேண்டும், ஜன்னல்களைத் திறந்து காற்று மாற்ற வேண்டும், இருபத்து நான்கு மெஷினையும் துடைத்து வரிசையாக ஆன் செய்ய வேண்டும். மாலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சி நிலையத்தில் அவளுக்கு இதற்குத்தான் சம்பளம். காகிதத்தில் அட்டெண்டர் என்று இருக்கும். எல்லார் வாயிலும் வருவது தூசியக்கா. கையில் எந்நேரமும் இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்று இருக்கும், எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கீபோர்டைத் தட்டிச் சுத்தம் செய்துவிடுவாள். பிரின்சிபல் மேடத்தின் கீபோர்டும் தப்பியதில்லை.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. பத்தொன்பது வருஷமாக அதே அறை. முதல் இரண்டு வருஷம் மெஷின்களை வெளியேதான் துடைத்தாள். ஒருநாள் ஒரு மெஷின் புகை விட்டுப் படுத்துக்கொண்டது. மூடியைக் கழற்றிய மெக்கானிக் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடித் தூசியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் அவள் சும்மா இருப்பாளா? ஒவ்வொரு வருஷமும் நீண்ட விடுமுறை வந்தால், பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கழற்றக்கூடியதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிவிடுவாள். கட்டட வரைபட வகுப்பு எடுக்கும் சார் முதல் வருஷம் குதித்தார். அடுத்த வருஷம் மெஷின்கள் ரிப்பேர் ஆவது பாதியாகக் குறைந்ததும், விடுமுறைக்கு முன்னாலேயே ஸ்குரூடிரைவரை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

படம் வரைகிற பழக்கம் அவமானத்தில் பிறந்தது. வீட்டில் மகளுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அது ஆமை வேகத்தில் ஓடுகிறது, ரேம் ஒன்று கூடப் போட்டால் வேகமாகும் என்று யாரோ சொல்ல, தூசியக்கா கடைக்குப் போய் "நாலு ஜிபி ரேம் ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வந்தாள். பிரித்துப் பார்த்தால் ஸ்லாட்டின் பாதி நீளம்தான் இருந்தது. லேப்டாப்புக்குப் போடுகிறதாம்! அவள் வீட்டுக்காரர் தையல்காரர். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து அந்த ரேமை அளந்து, "இதுக்கு முழுக்கை வைக்கவா, அரைக்கை வைக்கவா?" என்று கேட்டார். ஒரு வாரம் அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எதைக் கழற்றினாலும் ஒரு நோட்டில் வரைந்துவிடுவாள். ரேமைக் காகிதத்தில் வைத்து ஓரத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டுவாள். அடியில் எந்த இடத்தில் வெட்டு இருக்கிறது, மேலே கறுப்புச் சில்லுகள் எத்தனை, பின்பக்கம் எத்தனை என்று கட்டம் கட்டமாக வரைவாள். ஸ்டிக்கரில் இருக்கிற எழுத்துகளையும் பார்த்து அப்படியே எழுதிவைப்பாள், அதில் பாதி அவளுக்குப் புரியாது. புரிந்ததை மட்டும் எழுதினால் புரியாதது தேவைப்படும் அன்றைக்கு எங்கே போவது என்பாள். நியாயமான கேள்விதான்.

இப்படி இருக்கும்போதுதான் வரைபட வகுப்புக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. மெஷினுக்கு எட்டு ஜிபி ரேம் இல்லாவிட்டால் அது கதவையே திறக்காது. அறையில் இருந்தவற்றில் இரண்டு இரண்டு ஜிபியாக நான்குதான் இருந்தது. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், அன்றைக்குப் புது சாஃப்ட்வேர் எல்லா மெஷினிலும் ஓடவேண்டும், இல்லையென்றால் வகுப்பை மூடிவிடுவார்கள். புது மெஷின் வாங்க வழியில்லை. வகுப்பு போனால் அறை ஸ்டோர் ரூம் ஆகும், தூசியக்காவைக் கேட்டில் நாற்காலி போட்டு வருகைப் பதிவேடு பார்க்க உட்காரவைப்பார்கள். சம்பளம் குறையாதுதான். ஆனால் அந்த அறையில் இன்னொருவர் உடைந்த பெஞ்சுகளை அடுக்குவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வியாழக்கிழமை காலை சப்ளையர் கம்பெனி இன்ஜினியர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். பிரின்சிபல் மேடமும் வகுப்பு சாரும் பார்க்க வந்து நின்றார்கள். நாற்பத்தெட்டு ரேம், ஒவ்வொன்றும் நாலு ஜிபி, எல்லாம் புத்தம் புதுசு. முதல் மெஷினைத் திறந்தார், பழையதைப் பிடுங்கினார், புதியதைச் செருகினார், ஆன் செய்தார். திரை கறுப்பாக இருந்தது. உள்ளேயிருந்து நீளமாகப் பீப், பீப், பீப் என்று சத்தம் வந்தது.

அழிரப்பரால் ரேமின் பொன்னிறப் பல்லைத் தேய்த்துப் பார்த்தார். ஸ்லாட் மாற்றிப் பார்த்தார். இரண்டாவது மெஷின், ஐந்தாவது மெஷின், எட்டாவது மெஷின் எல்லாம் அதே பீப் பாட்டைப் பாடின. அரை மணி நேரத்தில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், ரேம்ல ஒரு குறையும் இல்ல. போர்டுதான் ரொம்பப் பழசு. நாலு ஜிபி ரேமை இது எடுக்கவே எடுக்காது. மொத்தத்தையும் ஸ்கிராப்புக்குத் தள்ளுங்க, புதுசுக்குக் கொட்டேஷன் அனுப்பறேன்" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் பிரின்சிபல் மேடத்துக்கு அது தெரியுமா? அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வகுப்பு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஜினியர் பெட்டியை மூடப் போனார்.

"சார், பதினேழாம் நம்பர்ல நாலு ஜிபி ரேம்தான் ஓடுது" என்றாள் தூசியக்கா.

யாரும் கவனிக்கவில்லை. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். இன்ஜினியர் சிரித்தார். "அக்கா, அது வேற போர்டா இருக்கும்."

"இல்லீங்க. இருபத்து நாலும் ஒரே நாள்ல வந்தது, ஒரே போர்டு. மூணு வருஷத்துக்கு முன்னாடி பதினேழுல ரேம் போச்சு. எங்க வகுப்பு சார் வேற கடையில வாங்கிட்டு வந்து போட்டார். அன்னிக்கே வரைஞ்சு வெச்சிருக்கேன்."

நோட்டை எடுத்துவந்து விரித்தாள். பதினேழு என்று தலைப்பிட்ட பக்கத்தில் ஒரு ரேமின் உருவம். முன்பக்கம் எட்டுக் கட்டம், பின்பக்கம் எட்டுக் கட்டம். அருகில், ஸ்டிக்கரைப் பார்த்து எழுத்துக் கூட்டி அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது, நாலு ஜிபி. பிறகு இன்ஜினியரின் பெட்டியிலிருந்து ஒரு புது ரேமை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம் எட்டுச் சில்லு இருந்தது, பின்பக்கம் மொட்டை.

"இதுல எட்டு, அதுல பதினாறு. ரெண்டும் நாலுதான்னு போட்டிருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல."

"சில்லை எண்ணியா ரேம் வாங்குவாங்க?" என்றார் இன்ஜினியர், பிரின்சிபலைப் பார்த்துக்கொண்டே.

தூசியக்கா நேரே பதினேழாம் நம்பரிடம் போனாள். அவளுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். பதினேழின் ஒயரைப் பிடுங்கி, அந்த ஒற்றை ரேமைக் கழற்றி, செத்துப்போனது என்று சொல்லப்பட்ட ஒன்றாம் நம்பரில் செருகினாள். இரண்டு ஓரமும் 'டக்' 'டக்' என்று விழுந்தன. ஆன் செய்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. பிறகு இன்ஜினியரின் புது ரேமைப் பதினேழில் போட்டாள். மூன்று வருஷமாக மூச்சுவிடாமல் உழைத்த பதினேழு, பீப் என்று அலறியது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? இன்ஜினியர் நோட்டை வாங்கித் தானே பக்கம் புரட்டிப் பார்த்தார். பிரின்சிபல் மேடம் எழுந்து நின்றுவிட்டார். இன்ஜினியர் போனை எடுத்து வெளியே போய், கம்பெனியில் யாரோ பெரியவரோடு பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான்.

"அக்கா சொல்றது சரிதான் மேடம். புது ரேம்ல ஒவ்வொரு சில்லுலயும் கொள்ளளவு ஜாஸ்தி. இந்தப் பழைய போர்டுக்கு அவ்வளவு பெரிய சில்லைப் படிக்கத் தெரியாது. அதே நாலு ஜிபியைப் பதினாறு சின்னச் சில்லுல பிரிச்சு வெச்சா எடுத்துக்கும். ஆனா அந்த மாதிரி இப்ப எங்க ஸ்டாக்ல இல்ல."

"எங்க கிடைக்கும்னு தேடிப் பிடிங்க, மாத்திக் குடுங்க. கூட இவங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் மேடம்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் துணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இதுல என்ன அதிசயம்? ரெண்டு மீட்டர் துணின்னு கேட்டா போதுமா? அகலம் கேக்க வேணாமா? பொம்பளைக்குத் தெரியுது, இன்ஜினியருக்குத் தெரியல" என்றார். பாராட்டுதான். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் அது திட்டு மாதிரிதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை இருவரும் உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெருவில் இறங்கினார்கள். முதல் கடைக்காரர் பளபளவென்று உறைபோட்ட ரேம்களை எடுத்துப் போட்டார். தூசியக்கா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். "பின்பக்கம் ஒண்ணுமே இல்லையே" என்று வைத்துவிட்டாள். அடுத்த கடையிலும் அதே. மூன்றாவது கடைக்காரர் கடுப்பாகி, "பொண்ணு பாக்கவா வந்தீங்க, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க?" என்றார். இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்தான் இருந்தது.

நான்காவது கடை ஒரு சந்துக்குள். அலுவலகங்கள் கழித்துப் போட்ட மெஷின்களிலிருந்து எடுத்த ரேம்கள் அங்கே இழுப்பறை இழுப்பறையாகக் கிடந்தன. கடைக்காரர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தூசியக்கா ஒன்றை எடுத்தாள். முன்னே எட்டு, பின்னே எட்டு. அடுத்ததை எடுத்தாள், அதுவும் அப்படியே.

இன்ஜினியர் வேகமாக அள்ளப் போனார். அவள் கையைத் தடுத்தாள். "கண்டபடி அள்ளாதீங்க சார். ஒரு மெஷினுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஸ்டிக்கர் பாத்து ஜோடி சேக்கலாம்." கடைக்காரரிடம், "எங்க போர்டு மாதிரி பழைய போர்டு இருந்தா அதுல போட்டு டெஸ்ட் பண்ணிக் குடுங்க. புது போர்டுல ஓடினா எனக்கு உபயோகம் இல்ல" என்றாள். கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் ஒரு பழைய போர்டைத் தூசி தட்டி எடுத்தார். அவள் தன் பிரஷ்ஷை எடுத்து மிச்சத் தூசியையும் தட்டினாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஓடாதவற்றை ஒதுக்கி, ஜோடி சேர்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வெளியே வந்தபோது பையில் நாற்பத்தெட்டு ரேம் இருந்தது. பதினேழில் இருந்தது ஏற்கனவே சரியானதுதான், ஆனால் அதற்கு ஜோடி கிடைக்காததால் பதினேழுக்கும் சேர்த்து ஒரு முழு ஜோடி வாங்கினார்கள்.

சனிக்கிழமை அவள் மாட்டினாள், இன்ஜினியர் சாஃப்ட்வேர் ஏற்றினார். ஒன்று முதல் எட்டு வரை ஒரு தடங்கலும் இல்லை. ஒன்பதை ஆன் செய்ததும் பீப் கேட்டது. வகுப்பு சார் "போச்சுடா" என்றார். தூசியக்கா மெஷினை அணைத்தாள். குனிந்து உள்ளே பார்த்தாள். உள்பக்க ரேமின் ஓர் ஓரக் கொக்கி முழுதாக மூடாமல் நின்றது. கட்டைவிரலால் அழுத்தினாள். 'டக்'. அடுத்த நிமிஷம் ஒன்பதும் எழுந்துகொண்டது. மதியச் சாப்பாட்டை மறந்து இருபத்து நான்கையும் முடித்தார்கள். கடைசித் திரையில் எட்டு ஜிபி என்று தெரிந்தபோது இன்ஜினியர் கைதட்டினார், சார் கைதட்டினார், தூசியக்கா உட்கார்ந்து அழுதாள். வெட்கப்படவில்லை, நன்றாகவே அழுதாள்.

திங்கட்கிழமை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு மெஷினையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் புது சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரு வீட்டு வரைபடத்தைச் சுழற்றிப் பார்த்தார். இருபத்து நான்கும் சுழன்றன. படிவத்தில் வகுப்பு தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபல் மேடம் பெருமூச்சு விட்டது வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

அதிகாரி பேனாவை மூடவில்லை. "இந்த மாதிரி போர்டெல்லாம் ஆகாதுன்னு வேற நிலையத்துலேருந்து எங்களுக்கு ரிப்போர்ட் வந்துதே. இதைச் சரி பண்ணின டெக்னீஷியன் யாரு?"

மேடமும் சாரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அங்கே பிரஷ்ஷோடு நின்றிருந்தவளுக்கு, நான் வெறும் அட்டெண்டர்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"நான்தாங்க" என்றாள்.

அதிகாரி அவளை வியப்பாகப் பார்த்தார். அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார். பிறகு, "அந்த நிலையத்துலயும் இதே மெஷின், இதே பிரச்சனை. அடுத்த மாசம் மூடறதா இருக்கோம். வந்து பாப்பீங்களா?" என்று கேட்டார்.

"எத்தனை மெஷின் சார்?"

"நாப்பது."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"மூடாதீங்க. ரெண்டு நாள் குடுங்க, போதும்."