சராசரித் தண்ணீர்

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. கீரப்பாளையம் பக்கத்து வாய்க்காலில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அவர். பெயரைக் கேட்டதில்லை. காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் உமி இருக்கும். ஒரு பிடி தூவி, தண்ணீர் எப்படிப் போகிறது என்று முறைத்துப் பார்ப்பார்.

அங்கே கட்டப்போகும் புது மதகுக்காக நான் கம்ப்யூட்டரில் தண்ணீரை ஓடவிட்டுக் கணக்குப் போட்டிருந்தேன். வாய்க்கால் கரையிலேயே லேப்டாப்பில் அவரிடம் படத்தைக் காட்டினேன்.

"மதகுத் தூணுக்குப் பின்னால சுழியே காணுமே சார்?"

"அந்த எடத்துல கணக்கோட விடை ஒரே எண்ணுல நிக்காம ஆடிக்கிட்டே இருந்திச்சு. சராசரி எடுத்து அடக்கிட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது.

"தண்ணி ஆடுது, அதான் உங்க கணக்கும் ஆடியிருக்கு. அத ஏன் சார் அடக்குனீங்க? கரைய அறுக்கறது சுழியா, உங்க சராசரியா?"

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் என் கையில் உமியைத் திணித்தார். "இந்தப் பழைய மதகுத் தூணுக்குப் பின்னால நீங்களே போட்டுப் பாருங்க."

நான் போடவில்லை. அது சுழலும் என்று எனக்குத் தெரியும். கையில் ஒட்டிய உமியைத் தட்டிவிட்டு, அதே படத்தை வைத்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.