சட்னி ஜாரில் ஊமத்தங்காய்

வெண்டையில் அசுவினிப் பூச்சி விழுந்தால் என் வீட்டுக்காரர் பாதி வைத்தியராகிவிடுவார். வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை, ஊமத்தை என்று பறித்து வந்து அரைத்து, மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளிப்பார். சிதம்பரத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் கடை மருந்து நுழைந்தே பல வருஷமாகிறது. அதில் எனக்கும் பெருமைதான். இலை அரைப்பதற்கென்றே மாட்டுக்கொட்டகையில் ஒரு பழைய மிக்ஸி வைத்திருந்தோம்.

என் ஓரகத்தி, அதாவது அவர் தம்பி மனைவி, எங்களோடுதான் இருக்கிறாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடை வேலை. அன்று காலையில் அவசரமாகச் சட்னி அரைத்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுக் கடலூர் பஸ் ஏறிவிட்டாள். அவள் போய் வெகுநேரம் கழித்து, எங்களுக்கு அரைக்கலாம் என்று ஜாரைக் கழுவக் கவிழ்த்தேன். பிளேடுக்கு அடியில் தேங்காயோடு கரும்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்ததும் ஜாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, இந்த ஜார்ல என்னா அரச்சீங்க?"

"கொட்டாய் மிக்ஸி ஓடல. ஊமத்தங்காய மட்டும் நேத்து இதுல ஓட்டுனேன். கழுவித்தான் வச்சேன்."

அவர் கழுவிய லட்சணம் என் விரலில் இருந்தது. திட்டக்கூட நேரமில்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"வாய் காயுதா உனக்கு?"

"ஆமாக்கா, நாக்கு ஒட்டிக்குது. வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல. எதிர்ல இருக்கறவுங்க மூஞ்சியே தெரியல."

"பக்கத்துல யாரு? போன அவுங்ககிட்ட குடு."

பரங்கிப்பேட்டைக்கார அம்மா ஒருவர் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்க வாங்க, நான் எறங்குனதும் ஆட்டோ புடிச்சி கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்காரர் பைக்கில் ஏறினேன். வாயைத் திறந்தால் நடுரோட்டிலேயே சண்டை வந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் அவர் தம்பிக்கு என்ன பதில் சொல்வோம் என்பதே மண்டையைக் குடைந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இல்லாத புடவையை விரித்துவிரித்து, "இது சாயம் போவாதுங்க, தைரியமா எடுங்க" என்று என்னிடமே வியாபாரம் செய்தாள்.

என்ன சாப்பிட்டாள் என்று நர்ஸ் கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "சட்னிதாங்க. கொஞ்சம் இலைக் கரைசல் பட்டிருக்கும். எல்லாம் இயற்கைதான், ஒண்ணும் பண்ணாது" என்றார்.

இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை. "ஊமத்தங்காய்ங்க. வெதையோட அரச்சது. வெஷம்னே எழுதிக்கிங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள். நாங்கள் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தோம்.

பொழுது சாயும்போது அவள் என்னை "அக்கா" என்றாள். வார்டு என்றும் பாராமல் அழுதுவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தாள்.

"மாமா, ஒங்க கரைசல் நல்லாத்தான் வேல செய்யுது" என்றாள்.

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். இவர் மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.