மச்சினனின் பெட்டியும் என் விரலும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடலை மிட்டாய்ப் பட்டறைக்குப் போனவன் நான். என் மனைவியின் தம்பியோ சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் புதுக் கருவி உருவாக்கும் குழுவில் இருந்தான். ஒரு பொட்டு ரத்தம் போதுமாம். சின்னப் பட்டை ஒன்றில் பூசிய மருந்தில் அது பட்டதும் துளி மின்சாரம் பிறந்து, பெட்டியில் எண் தெரியுமாம். சோறு வடிக்கும்போதுகூட மனைவிக்கு இதே பேச்சுதான். பாகு ஒருநாளும் பதம் தவறாமல் இறக்குகிறவன் நான். அதை அவள் பக்கத்து வீட்டில்கூடச் சொன்னதில்லை.

எனக்குள் வேறொரு பயமும் இருந்தது. சர்க்கரை வந்துதான் என் அப்பாவுக்குக் காலை எடுத்தார்கள். அதிலிருந்து கருவேலங்காட்டுப் பக்கம் ஒன்றுக்கு ஒதுங்கினால், அந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், இன்னும் சோதனையில் இருந்த அந்தப் பெட்டியோடு மச்சினன் வந்தான். மதியம் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தால் வீடு நிறைய ஆள். நடுவில் என் மனைவி, கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சிரிப்போடு தம்பியிடம் விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தான், நீங்களும் வாங்க.”

“எனக்கெதுக்கு மாப்ள?”

“கொதிக்கிற பாகுக்குப் பயப்படாத ஆளு, ஊசிக்குப் போயி நடுங்குதீயளே!” என்றாள் மனைவி.

கூட்டம் சிரித்தது. ரோசத்தில் நீட்டிவிட்டேன். எண் முந்நூறைத் தாண்டி நின்றது. அப்பாவின் கால்தான் கண்முன் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒன் தம்பி மிஷினு பழுது, பாத்துக்கோ.”

மச்சினன் என் விரலைத் தடவிப் பார்த்தான். “பட்டறையிலருந்து நேரா வாரீயளா அத்தான்? வெல்லம் அப்படியே ஒட்டியிருக்கு. கழுவிட்டு வாங்க.”

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். இந்த முறை எண் பாதிக்கும் கீழே இறங்கியது.

“பயமில்ல அத்தான். ஆனா இத நம்பிராதீய, இன்னும் முழுசாத் தயாராகல. லேபுல ஒருவாட்டி பாத்துருங்க.”

சற்று முன்னால்தான் பழுது என்று சொல்லியிருந்தேன். இப்போது அது சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். அந்த வருஷம் சர்க்கரைப் பொங்கலை நான் தொடவில்லை.

பண்டிகை முடிந்து லேபில் பார்த்தோம். சர்க்கரை இல்லை. திரும்பும் வழியிலேயே மனைவி எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.

“ஏலே தம்பி, ஒன் மிஷினு சொன்னது அப்படியே சரிதாம்லே!” என்று கத்தினாள்.

எனக்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பிறகாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவன் என்னைப் பற்றிக் கேட்டான் போலிருக்கிறது.

“அவியளா? இங்கனதான் நிக்காவ,” என்றாள்.